சூரியநெல்லியில் வேலை பார்க்கும் என் தம்பி

1

போன புதன்கிழமை என் மகள் காவ்யா எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு பொய்யைச் சொன்னாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து நாங்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் பாவம், அப்படியே ஒப்பித்தாள்.

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டி என்ற ஊரில். ஆற்றங்கரை ஊர். காற்று எந்நேரமும் ஆளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காவ்யா எடின்பரோவில் படிக்கிறாள், இருபது வயது. வெள்ளிக்கிழமை என் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு சின்னப் பாராட்டுக் கூட்டம் இருந்தது. அதற்காக முன்கூட்டியே ரயிலேறி வந்திருந்தாள். நான் சாம்பாருக்குப் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். அவள் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, கொஞ்ச நாளாகத் தூக்கமே சரியில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கல்லூரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன் என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"நெறைய கேட்டாங்கம்மா. ஃபேமிலில யாருக்காவது மனசு சம்பந்தமா வியாதி இருக்கா, மருந்து சாப்பிடறாங்களான்னு. யாருக்கும் இல்லைன்னு சொன்னேன். பரீட்சை டென்ஷனா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எனக்கு மத்து கையிலேயே நின்றுவிட்டது. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "தட்டெடுத்து வை, சாப்பிடலாம்" என்றேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது என்னைத் தெரியும். கேரள எல்லைக்குள் இருக்கும் மீனாட்சிபுரத்துப் பால்காரர் மகள் வசந்தாமணி, கணக்குப் படித்து வெளிநாடு போனவள். என் தம்பி குமாரசாமியையும் உங்களுக்குத் தெரியும். மூணாறுப் பக்கம் சூரியநெல்லியில் டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் ஒருநாளும் அங்கே வேலை பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது, காவ்யாவுக்கு இப்போது இருக்கிற வயதில், அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். அப்பாவோடு மாடு பார்க்கிறான், மாத்திரை சாப்பிடுகிறான், யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். இதை எழுதும்போதே காது சூடாகிறது. நோய்க்காக அல்ல. மனநோய் ஆய்வுகளுக்குக் கணக்குப் போட்டுப் பெயர் வாங்கிய ஒருத்தி இதை எழுத இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டாளே என்றுதான்.

2

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா "கணக்கு டீச்சருங்க" என்று முடித்துவிடுவார். நான் புள்ளியியல்காரி. ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க நோயாளிகளைச் சேர்ப்பார்கள், குறிப்பிட்ட இடைவெளியில் வரச் சொல்லிக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பதில்களை வைத்து முடிவு சொல்வது என் மாதிரி ஆட்களின் வேலை. இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பலர் பாதியிலேயே வராமல் நின்றுவிடுவார்கள். கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் மருந்து பிரமாதமாக வேலை செய்ததுபோலத் தெரியும். ஏனென்றால் நின்றுபோனவர்களில் பலர் முடியாமல் போனவர்கள். சிலருக்கு நோய் முற்றியிருக்கும். சிலரை வீட்டுக்காரர்களே வெளியே விட்டிருக்க மாட்டார்கள். அப்படி வராமல் போனவர்களை எப்படிக் கணக்குக்குள் கொண்டுவருவது, அவர்கள் ஏன் வரவில்லை என்பதை எப்படி விடாமல் கேட்பது, இதுதான் என் ஆராய்ச்சி. மனச்சோர்வுக்கான மருந்துகள், மாரடைப்புக்குப் பிறகு வரும் மனக்கலக்கம், பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் துயரம் என்று பல ஆய்வுகளில் இதற்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் யாராவது விட்டுப்போனவர்களைத் தள்ளிவிடலாம் என்று ஆரம்பித்தால் நான் மேசையைத் தட்டிச் சண்டைக்குப் போவேன். அந்தச் சண்டைக்காரி என்ற பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வீட்டில் நடந்தது வேறு.

பொள்ளாச்சியில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், "பையன் என்னங்க பண்றாப்ல?" என்று கேட்டார்கள். அப்பா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே, "சூரியநெல்லியில டீ ஃபேக்டரியில இருக்கறானுங்க. லீவு கெடைக்கலீங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பெரியப்பா மகன் சண்முகண்ணன் உண்மையிலேயே அங்கே கிளார்க்காக இருந்தார். நிஜமான ஊர், நிஜமான ஃபேக்டரி என்பதால் பொய் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. குமார் அந்த நேரம் பின்னால் மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தான். சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தோம். இருமல் வந்ததற்குத் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். "முடிஞ்சுதாக்கா?" என்றான். முடிந்துவிட்டது என்றேன். என் கல்யாணத்துக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் என் கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "எனக்கென்ன வசந்தா, எங்க ஊட்ல மட்டும் சொல்லிக்காதே" என்றார். காவ்யா பிறந்தாள். அவளும் 'எங்க ஊட்டு' ஆள்தானே, அவளுக்கும் சொல்லவில்லை.

பிறந்தநாள் என்றால் மாமாவோடு வீடியோவில் பேசுவாள். அதற்காக அப்பா தேயிலை மலை போட்ட காலண்டர் ஒன்றை சுவரில் மாட்டி வைத்திருந்தார். குமார் அதன் முன்னால் நிற்பான், நான் இங்கிருந்து அனுப்பிய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. மீனாட்சிபுரத்து வெயிலில்! நெற்றியில் வேர்வை வழிய, "இங்க ஒரே குளிரு பாப்பா" என்பான். மாடு திரையில் தெரிந்துவிடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. நாங்கள் ஊருக்குப் போனாலும் பொள்ளாச்சியில்தான் தங்குவோம். மீனாட்சிபுரத்துக்கு ஒருநாள் போய்வருவோம், அன்றைக்கு அவன் பக்கத்து ஊரான கொழிஞ்சாம்பாறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பான்.

ஒருமுறை அப்பாவை இங்கே அழைக்க விசாவுக்கு எழுதினோம். உங்களை நம்பி ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். யாருமில்லை, மகன் தனியாகச் சம்பாதிக்கிறான் என்று அப்பா எழுதச் சொன்னார். திரும்பிப் போவதற்கு இவருக்கு ஊரில் போதிய காரணம் இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. அவர் திரும்பிப் போயே தீர வேண்டிய காரணம் அப்போது கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த ஆபீசரைத் திட்டினோம்.

பஞ்சாயத்திலிருந்து சுகாதாரக் கணக்கெடுக்க ஒரு பெண் வருவார். "வீட்டில் மானசிக அசுகம் உள்ளவர் ஆரெங்கிலும் உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்பார். மனநோய்க்காரர் யாருமில்லை என்று அப்பா சொல்வார். அவர் குறித்துக்கொண்டு போய்விடுவார். அந்தக் குறிப்பெல்லாம் கடைசியில் என் மாதிரி ஆட்களிடம்தான் வந்து சேரும்.

3

போன டிசம்பரில் ஊருக்குப் போகும் முன் காவ்யா ஒரு வெடியைப் போட்டாள். "இந்தத் தடவை சூரியநெல்லி போகணும். மாமா வேலை செய்ற இடத்தைப் பார்க்கணும்."

அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். இப்போதாவது உடைத்துவிடலாம் என்பார் என்று மனதுக்குள் ஓர் ஓரத்தில் நினைத்தேன்.

"அதுக்கென்னங் கண்ணு," என்றார். "அவனை அங்க கொண்டு போயி உட்டுர்றேன். சண்முகங் கிட்டச் சொல்லிக்கலாம். புள்ளை வந்து பாத்துட்டுப் போவட்டும்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு நான் சொன்னது என்ன தெரியுமா? "ஞாயித்துக்கெழமை வர்றோமுங்கப்பா, ஃபேக்டரி லீவா இருக்கும்." திட்டத்தில் அப்பா விட்டிருந்த ஓட்டையை நான் அடைத்துக் கொடுத்தேன். படித்தவள் இல்லையா.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு ஏறிப் போனோம். என் கணவர் தன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பொள்ளாச்சியிலேயே நழுவிக்கொண்டார். வழி முழுக்க காவ்யா படம் எடுத்துக்கொண்டு வந்தாள். சண்முகண்ணனின் எஸ்டேட் வீட்டு வாசலில் கார் நின்றபோது குமார் வெளியே நின்றிருந்தான். ஸ்வெட்டர், தேய்த்த பேன்ட், சட்டைப் பையில் பேனா. கழுத்தில் சண்முகண்ணனின் பழைய அடையாள அட்டை, படம் உள்பக்கமாகத் திரும்பித் தொங்கியது.

"வா பாப்பா. பஸ்ஸா, காரா?" என்றான். கார் அவன் கண்ணெதிரே நின்றது. காவ்யா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவனை யாரும் கட்டிப்பிடித்து எத்தனையோ காலம் இருக்கும். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு அவளைப் பூட்டிக் கிடந்த ஃபேக்டரியின் வெளிப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனான். நான் பின்னால் நடந்தேன். எங்கே உளறுவானோ என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவன் உளறவில்லை. "கொழுந்து வந்ததும் மொதல்ல வாட விடோணும் பாப்பா. அவசரப்பட்டு மெசின்ல போட்டா வீணாப் போயிரும். மழை நாள்ல வந்த கொழுந்து வாட நேரமாவும். மூக்கிலயே தெரிஞ்சு போவும், பழகிட்டா." காவ்யா அவன் பேசுவதை வீடியோ எடுத்தாள். எனக்கே நம்ப முடியவில்லை. வருஷக்கணக்காக சண்முகண்ணனுக்குப் போன் போட்டு, இன்றைக்கு மழையா, கொழுந்து எப்படி, என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருக்கிறான். பாப்பா கேட்டால் சொல்ல வேண்டுமே என்று.

வீட்டுக்குள் அவனே டீ கொண்டுவந்தான். தட்டு அவன் கையில் கடகடவென்று ஆடியது. பாதி டீ தட்டில் கிடந்தது.

"மாமா, குளிருதா?"

"ஆமா பாப்பா. இங்க எப்பவும் இப்படித்தான்."

குளிர் இல்லை அது, மாத்திரை. எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நடுங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சண்முகண்ணன் மனைவி ராஜாத்தி அண்ணி போடிப் பக்கத்துக்காரர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர். என்னை அடுப்படிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு பிடிபிடியென்று பிடித்தார்.

"ஏன் வசந்தா, உங்க வீட்டாளுகளுக்கு இருக்கா இல்லையா? அந்தப் பிள்ளை வந்ததுல இருந்து கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாக்கான். சோறு தண்ணி எறங்கல. 'மதினி, பாப்பா இதக் கேட்டா என்ன சொல்ல, அதக் கேட்டா என்ன சொல்ல'ன்னு என் உசிர வாங்கிட்டான். எதுக்கு இந்தக் கூத்து? மாமனுக்கு முடியலம்மான்னு ஒத்த வார்த்த சொன்னா அந்தப் பொண்ணு என்ன கடிச்சா திங்கப் போறா?"

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா அப்பா மேல போடாத. நீ ஊமையா?"

டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது காவ்யா உள்ளே அண்ணியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். நான் காரில் உட்கார்ந்தேன். குமார் ஜன்னலுக்குக் குனிந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சரியாச் சொன்னனாக்கா?"

"ரொம்ப சரியாச் சொன்னேடா."

அவன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். "எந்த எடத்துலயாச்சும் தப்பியிருந்தாச் சொல்லு. அடுத்த தடவை சரி பண்ணிக்கறேன்."

4

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் மீனாட்சிபுரம் போனேன். அப்பா பால் கறந்துகொண்டிருந்தார். குமாருக்குக் கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று கேட்டேன்.

"டாக்டரு மாத்தரையக் கூட்டிட்டாரு கண்ணு."

"ஏனுங்கப்பா? தொந்தரவு எதாச்சும் பண்ணுனானா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பசுவாட்டந்தான் இருக்கறான்." கறப்பதை நிறுத்தாமல் சொன்னார். "டாக்டரு பேச்சுக் குடுத்தாரு, தம்பி என்ன பண்றேன்னு. இவன் சூரியநெல்லியில டீ ஃபேக்டரியில இருக்கறேன்னுட்டான். எப்ப இருந்துன்னு கேட்டாரு. அதுக்கும் பளிச்சுன்னு சொன்னான். இவன் எங்கயும் போறதில்லைன்னு டாக்டருக்குத் தெரியுமல்லோ. இல்லாததை இருக்கறதா நெனைக்கறான், நோவு கூடிப்போச்சுன்னு எழுதிட்டாரு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பழக்கி வைத்திருந்தோம். அவன் சொன்னபடி கேட்கிறவன். டாக்டரிடமும் சொன்னான். எங்கள் பொய்யை அவனுடைய பைத்தியமாக எழுதிக்கொண்டு, அதற்கு மருந்தும் கொடுத்துவிட்டார்கள்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லியிருக்கலாமல்லங்கப்பா?"

"எப்பிடிச் சொல்றது? வெறும் தெரைதான் நடுவுல. வெளிய கொழிஞ்சாம்பாறைக்காரங்க ரெண்டு பேரு உக்கோந்திருந்தாங்க."

"அவங்க மட்டும் அங்க எதுக்கு வந்தாங்களாம்? வேடிக்கை பாக்கவா?"

அப்பா சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பால் கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "உனக்குக் கண்ணாலம் பண்ணதே அதைச் சொல்லித்தான் அம்மிணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தலை நிமிர விடாமல் செய்தது.

குமாருக்குப் பார்க்கும் அந்தக் கோயம்புத்தூர் டாக்டரின் நம்பர் என் போனில் இருந்தது. ஊரில் இருக்கும்வரை கூப்பிடவில்லை. இங்கே வந்த பிறகு வேலை, ஆய்வுக் கூட்டங்கள், காவ்யாவின் பரீட்சை என்று ஏதாவது ஒன்று. வராதவர்களுக்காக மேசையைத் தட்டுகிறவளுக்கு ஒரு போன் செய்யத் துணிச்சல் இல்லை. அந்த மாதங்களில் என் தம்பி தேவையில்லாத மாத்திரையைச் சாப்பிட்டுக் கைநடுக்கத்தோடு பால் கறந்தான். சீ என்று இருக்கிறது.

இதை எழுத உட்காரும் முன் அவருக்குப் போன் செய்துவிட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "நீங்க இந்தத் துறையிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அழைச்சிட்டு வரச் சொல்லுங்க, பார்த்துப் படிப்படியாக் குறைக்கலாம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

5

வெள்ளிக்கிழமைக் கூட்டம் நன்றாகவே நடந்தது. சமோசாகூட வைத்திருந்தார்கள். எனக்காகவாம். துறைத் தலைவர் எழுந்து என் வேலையைப் பற்றிப் பேசினார். ஆய்வுகளில் காணாமல் போகிறவர்கள் மேல் இவ்வளவு அக்கறை கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் காவ்யா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, இந்தத் துறைக்கு வர உங்களுக்குச் சொந்தக் காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

குமாருக்கு நோய் வந்த வருஷம் அப்பா அவனைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைந்தார். நான் காலேஜ் நூலகத்தில் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாதி புரியவில்லை, புரிந்த பாதி எண்களாக இருந்தது. அந்த எண்களைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்தேன். அவன் இல்லாவிட்டால் நான் ஏதோ ஒரு பேங்கில் உட்கார்ந்திருப்பேன்.

"சின்ன வயதிலிருந்தே கணக்கு பிடிக்கும்" என்று பதில் சொன்னேன். சிரித்தார்கள்.

அதன் பிறகு தேநீர் நேரத்தில் காவ்யா எங்கள் வயதான மனநல மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். சூரியநெல்லி வீடியோ. என் மாமா, டீ தயாரிப்பதில் பெரிய ஆள், மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பெருமையாகச் சொன்னாள். ஊர் என்றால் அவளுக்கு இதுவரை ஒட்டாது. மாட்டைப் பார்த்து "அவங்க வர்றாங்க" என்று மரியாதையாகச் சொல்லும் தமிழ் அவளுடையது. ஊர்ப் பேச்சு எடுத்தாலே காதில் ஹெட்போன் ஏறிவிடும். அந்த ஊரில் அவள் பெருமையாக எடுத்துக் காட்ட ஒரே ஒரு ஆள் கிடைத்திருந்தான். அவனையும் நாங்கள் ஜோடித்துக் கொடுத்திருந்தோம்.

பேராசிரியர் அந்த வீடியோவை உற்றுப் பார்த்தார். கைநடுக்கத்தைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பதற்குள் நான் சமோசாத் தட்டுப் பக்கம் போய்விட்டேன்.

6

சனிக்கிழமை மத்தியானம் காவ்யாவை உட்கார வைத்துச் சொன்னேன். என் கணவர் முதலில் எழுந்து போகப் பார்த்தார். "உக்காருங்க" என்றேன், உட்கார்ந்தார்.

முடித்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேனா?"

"நீ சொல்லல. நான் சொன்னேன், உன் வாயால."

"எனக்கும் வருமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்குத் தொழில். பெரும்பாலும் வராது, தூக்கமில்லாமல் போவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, ஆனால் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். என் குரல் மேடையில் பேசுவதுபோல இருந்தது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"யாரையும் கணக்குல விட்டுடக் கூடாதுன்னு மத்தவங்களுக்குச் சொல்றதுக்குத்தான நேத்து உங்களுக்குக் கைதட்டினோம்?"

என் கணவர் "காவ்யா" என்று அதட்டினார். நான் விடுங்கள் என்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கொஞ்ச நேரம் போனில் அந்த வீடியோவையே ஓடவிட்டுப் பார்த்தாள். "இந்த ஐடி கார்டு?"

"சண்முகம் மாமாவோடது."

"கொழுந்து, மழை, அதெல்லாம்?"

"போன்ல கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டான். நீ கேப்பேன்னு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, மாமாவிடம் பேச வேண்டும் என்றாள். நான் தடுப்பதற்குள் வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டாள். ஊரில் அது சாயங்காலப் பால் நேரம். இது பிறந்தநாள் இல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை, அவன் காலண்டர் முன்னால் நிற்கவும் இல்லை. எடுத்ததும் திரையில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு ஓட்டுக்கூரை. அப்புறம் அவன் உள்ளங்கை வந்து மொத்தத்தையும் மூடிக்கொண்டது.

"பாப்பாவா? இரு பாப்பா, இரு இரு. மாமா ஃபேக்டரில இருக்கறேன்." மூச்சு வாங்கியது. "இன்னைக்குக் கொழுந்து ஜாஸ்தி. நல்ல மழை இங்க. ஒரே குளிரு."

அவனுக்குப் பின்னால் மாடு நீளமாகக் கத்தியது.

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது எஸ்டேட்டு மாடு பாப்பா," என்றான் அவசரமாக. "இங்கயும் மாடு உண்டு. மேனேஜரு வளக்கறாரு."

நான் போனை வாங்கினேன். "குமாரு, அக்கா பேசறேன். போதும்டா. பாப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீ மீனாட்சிபுரத்துலதான் இருக்கறேன்னு அதுக்குத் தெரியும். உனக்கு முடியலைன்னும் தெரியும். இனிமே யாருகிட்டயும் நீ அப்படிச் சொல்ல வேண்டியதில்ல. கைய எடு."

மாட்டின் கழுத்துமணி மட்டும் கேட்டது. பிறகு கை மெல்ல விலகியது. பனியனோடு நின்றான், தோளில் துண்டு, கன்னத்தில் பால் தெறித்திருந்தது. காவ்யா "மாமா" என்று கூப்பிட்டதை அவன் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்தான். வீட்டுப்பாடத்தில் பெயிலானவன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு பார்வை.

"நான் எந்த எடத்துலக்கா தப்பாச் சொன்னேன்?" என்று கேட்டான்.